உப்புக் காற்றும் மின்வண்டியும்

மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாக வாழ்கிறவர்கள், சன்னல் கம்பியும் சைக்கிள் சக்கரமும் சில பருவங்களுக்குள்ளேயே துருவேறி உதிர்வதைக் கண்டு பழகியவர்களாயினும், மின்வண்டிக்கு வீட்டிலேயே சார்ஜர் அமைக்கும்பொழுது மட்டும் அந்த உப்புக் காற்றின் சுபாவத்தை மறந்து, விலையையும் வேகத்தையுமே விசாரிப்பது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

வேகம் அவ்வளவு பிரமாதமான விஷயமன்று. இரவு முழுதும் வாசலில் நிற்கும் வண்டிக்கு, 16 ஆம்பியர் இணைப்பில் கிடைக்கும் சுமார் 3.3 கிலோவாட்டே பெரும்பாலும் போதும், 7.4 கிலோவாட் சார்ஜருக்கோ 32 ஆம்பியர் தாங்கும் தனிக் கம்பியும் அதற்கேற்ற மின்பளு அனுமதியும் வேண்டும்.

பிராணனைக் காப்பது எர்த் இணைப்பே. உவர்மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமென்பது மெய். ஆயினும் அதே உவர், புதைத்த இரும்புக் குழாயை மௌனமாக அரித்துவிடுமாதலால், செம்புத் தண்டு பதித்து ஆண்டுதோறும் அதன் மின்தடையை அளக்கச் செய்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் அத்தியாவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் இவ்வட்டாரத்தில் கொட்டிய பெருமழையை நினைவிற்கொண்டு, தூசியும் மழைநீரும் புகாத ஐ.பி. 65 தரமுள்ள சார்ஜர் பெட்டியை, கடலை நோக்காத சுவரில், இடுப்புக்கு மேலான உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்; வெள்ளம் ஏறுமென்று தெரிந்தால், வண்டியை மேட்டுக்கு நகர்த்துமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.