தேசிய வனங்களும் பொதுஜன உரிமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தேசிய வனங்கள் என்ற பெயரால் அரசாங்கம் பரிபாலித்து வரும் காடுகள் 154. அவற்றின் பரப்பு சுமார் 19 கோடி ஏக்கர். இவ்வளவு விஸ்தாரமான பூமியில், தடை விதிக்கப்பட்ட பகுதிகளை நீக்கி மற்ற இடங்களில், எவரும் முன்பதிவு செய்யாமலும் ஒரு காசு கொடுக்காமலும் கூடாரம் அடித்து, பெரும்பாலும் 14 நாள் வரையில் தங்கலாம். குழாய் இராது, கழிப்பிடம் இராது, மேசையும் பெஞ்சும் இரா, குப்பை அள்ள ஆள் இரான். நிலமும் மரமும் வானமுந்தான் இருக்கும். ஆயினும் யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் கூடாரத்துக்கு இடம் பிடிப்பதற்காக மாதக்கணக்கில் முன்னதாகவே கணினியின் முன் காத்திருந்து, அது கிடைக்காமல் மனம் சோர்ந்து, கோடைப் பிரயாணத்தையே கைவிட்டுவிடுகிற குடும்பங்களில் பலருக்கு, அந்தப் பூங்காவின் எல்லையை ஒட்டியே ஸ்டானிஸ்லாஸ், சியரா, இன்யோ என்னும் தேசிய வனங்கள் பரந்து கிடப்பதும், அங்கே இலவசமாகத் தங்கத் தங்களுக்கு உரிமை இருப்பதும் தெரிவதில்லை. கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இதை அறியாதவர்கள் உண்டு.

உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதை அநுபவிக்கும் வழிதான் சாமானிய ஜனங்களுக்கு எட்டாமல் இருக்கிறது. தங்கக்கூடிய இடத்தைக் கண்டறியும் முறையைப் பகிரங்கமாகக் கற்பிப்பதை அந்நாட்டு வன இலாகா தனது முதற் கடமைகளில் ஒன்றாகக் கொள்ளவேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். கூட்டம் பெருகிவிட்டது, நிலம் கெடுகிறது என்ற காரணங்களைக் காட்டிப் பாதையை அடைப்பதும் கட்டணம் விதிக்க முனைவதும் அந்தக் கடமையைச் செய்ததாக ஆகமாட்டா.

இந்த வனங்கள் எதற்காக ஏற்பட்டன என்பதைச் சற்று நினைவுகூர்வது அவசியம். 1891-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு ஜனாதிபதிகள் மேற்குப் பிரதேசத்துக் காடுகளை ஒதுக்கி வைக்கத் தொடங்கினார்கள். 1905-இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்தபோது அவை விவசாய இலாகாவின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. கிஃபர்ட் பின்ஷோ முதல் தலைவராக, இன்றைய வன இலாகா தோன்றியது. கிழக்குப் பகுதியில் மரம் வெட்டிப் பாழாக்கப்பட்ட மலைச்சாரல்களைத் தனியாரிடமிருந்து விலைக்கு வாங்கிக் காடாக்க 1911-இல் ஒரு சட்டம் வழிசெய்தது. 1960-ஆம் வருஷத்துச் சட்டம், மரம், தண்ணீர், மேய்ச்சல், வனவிலங்கு ஆகியவற்றோடு ஜனங்களின் உல்லாசத்தையும் வனங்களின் நோக்கங்களில் ஒன்றாக வெளிப்படையாகவே சேர்த்தது. பொதுச்சொத்து என்ற வார்த்தையை உச்சரிக்கும்போது ஒன்றை மறக்கலாகாது. இந்த நிலங்கள் ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி. நியூ மெக்ஸிகோவில் டாவோஸ் புவெப்லோ மக்கள் புனிதமாகப் போற்றிய நீல ஏரி 1906-இல் அரசாங்க வனத்தோடு சேர்க்கப்பட்டு, 64 வருஷங்கள் அவர்கள் போராடிய பிறகே, 1970-இல் அவர்களிடம் திரும்பி வந்தது. பிறர் இழந்த நிலத்தில் விருந்தினராக இறங்குகிறோம் என்ற பணிவு, அங்கே கூடாரம் அடிக்கிற ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டும்.

கட்டணத்தைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2004-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி, குடிநீர், கழிப்பிடம், மேசை, குப்பைத் தொட்டி முதலான வசதிகளில் பெரும்பாலானவை அமைக்கப்பட்ட இடங்களிலே மட்டும் கூடாரத்துக்குக் கட்டணம் வாங்கலாம். வசதி எதுவும் செய்துதராத வெறுங் காட்டில் தங்குவதற்கு வாங்கக் கூடாது. இது நியாயமான ஏற்பாடு. பணம் உள்ளவர்களுக்குக் கொலராடோ மலைகளில் எத்தனையோ விடுதிகள் இருக்கின்றன. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மேல் கையில் மிஞ்சாத தொழிலாளி தன் குழந்தைகளுக்கு மலையையும் நட்சத்திரத்தையும் காட்டுவதற்கு இந்த வனங்களைத் தவிர வேறு இடம் அரிது.

இனி, இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற விஷயத்துக்கு வருவோம். 2005-ஆம் வருஷத்து விதியின்படி ஒவ்வொரு வனத்துக்கும் மோட்டார் வாகன உபயோக வரைபடம் என்ற ஒன்றை வன இலாகா வெளியிடுகிறது. அது இலவசம். எந்தப் பாதையில் எந்த வாகனம் எந்த மாதத்தில் போகலாம் என்பதற்கு அதுவே சட்டபூர்வமான ஆதாரம். அதில் சில பாதைகளின் ஓரமாகப் புள்ளி புள்ளியாகக் குறியிட்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் பாதையை விட்டு விலகி, வரைபடத்திலுள்ள அட்டவணையில் சொல்லிய தூரம் வரையில், கூடாரம் அடிப்பதற்காக வண்டியை உள்ளே கொண்டுபோகலாம். புள்ளி இல்லாத பாதையில் வண்டியை ஓரமாகவே நிறுத்திவிட்டு, பல வனங்களில் நடந்து சென்று தங்கலாம். இத்தனை முக்கியமான இந்த வரைபடமோ, பல வனங்களில் கறுப்பு வெள்ளையில், மேடு பள்ளம் தெரியாமல், எண்ணிட்ட கோடுகளின் சிக்கலாக இருக்கிறது. பழகாதவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் மடித்து வைத்துவிடுகிறார்கள்.

பழகியவர்களோ அதைத் தனியே நம்புவதில்லை. நில அளவை இலாகா இலவசமாகத் தரும் சம உயரக் கோட்டுப் படத்தை அதன் அருகில் வைத்துப் பார்க்கிறார்கள். கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்து, அகன்ற இடம் சமதரை என்று அறிந்து, பாதை ஒரு சமதரையைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். வனத்தின் எல்லைக்கு உள்ளேயே தனியார் நிலங்கள் உண்டாகையால் அவற்றின் வரம்பையும் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பிரதேசத்து ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் செய்து, பாதை திறந்திருக்கிறதா, தீ மூட்டத் தடை உண்டா, கரடிக்கு எட்டாதபடி உணவை வைக்கும் உத்தரவு அமலில் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். பாதையின் தொடக்கத்தில் நிற்கும் குறுகிய பலகையில் எண் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தால், தாழ்ந்த கார்களுக்கு அந்தப் பாதை உதவாது என்று தெரிந்து திரும்பிவிடுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின், முன்பே பிறர் தங்கிப் புல் தேய்ந்த தரையைத் தேடி, ஓடைக்கு 200 அடி தள்ளி, தலைக்கு மேல் பட்டமரம் இல்லாத இடமாகப் பார்த்து இறங்குகிறார்கள். கலிபோர்னியாவில் 2012 முதல் நிலவிய கடும் வறட்சியில் 10 கோடிக்கும் அதிகமான மரங்கள் பட்டுப்போயின. காற்றில்லாத இரவிலும் அத்தகைய மரம் விழக்கூடும் என்பதால், கடைசியில் சொன்ன எச்சரிக்கையை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

இது வித்தையன்று, ஒரு மாலைப்பொழுதில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்துவிடலாம். கற்பிக்காததனால் வரும் கேடுதான் பெரிது. வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள் இடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு பெயர் பிரபலமானால், சுற்றிலும் வெறிச்சோடிக் கிடக்கும் பாதைகளை விட்டுவிட்டு, எல்லோரும் அந்த ஒரே ஓடைக்கரையில் வந்து குவிகிறார்கள். தேசிய வனங்களுக்குள் ஏறக்குறைய 3,70,000 மைல் நீளமுள்ள பாதைகள் இருக்க, ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் நூறு வண்டிகள் ஒரே பள்ளத்தாக்கில் இடம் தேடி மோதிக்கொள்வது அறியாமையின் விளைவே. இரகசியமாக வைத்திருந்தால் காடு பிழைக்கும் என்று, இடம் தெரிந்த பழைய ஆட்கள் வாதிக்கிறார்கள். காட்டின்மேல் அவர்களுக்குள்ள பாசத்தை நாம் மதிக்கிறோம். அவர்களுடைய முடிவை ஏற்பதற்கில்லை. ஓர் இடத்தின் பெயரை ஊரறியச் சொல்லவேண்டாம் என்பது சரி. இடத்தைக் காணும் வழியையும் மறைத்துவைத்தால், பொதுச்சொத்து சிலருடைய அந்தரங்கச் சொத்தாகிவிடும்.

ஒரே இடத்தில் ஜனங்கள் குவிவதால் என்ன ஆகும் என்பது புதிதாகக் கண்ட உண்மையன்று. கார் வந்த புதிதில், 1920-களில், எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோய் நிபுணர் கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளை ஆராய்ந்து, காலடியும் சக்கரமும் மண்ணை இறுக்கிவிடுவதால் வேர்கள் மூச்சடைத்து, ராட்சத மரங்களே நலிகின்றன என்று எடுத்துக்காட்டினார். கார்கள் கண்ட இடத்தில் ஏறாதபடி, ஒருவழிச் சுற்றுப்பாதையும், வண்டிக்கு ஒரு நிறுத்துமிடமும், ஓரத்தில் தடுப்புக் கற்களும் அமைக்கவேண்டுமென்று 1932-இல் அவர் வகுத்துக் கொடுத்த திட்டத்தின்படியே, பொருளாதார மந்த காலத்தில் வேலையற்ற வாலிபர்களைக் கொண்டு அரசாங்கம் எண்ணற்ற கூடாரத் தலங்களைக் கட்டியது. இன்றைக்கும் அமெரிக்கக் கூடாரத் தலங்களின் அமைப்பில் அவர் கை தெரிகிறது.

கூட்டத்தைக் காடெங்கும் பரப்பினால் காடெங்கும் கெடுமே என்று கேட்கலாம். அது தட்டிக்கழிக்கக்கூடிய ஆட்சேபமன்று. மொன்டானாவிலுள்ள ஆல்டோ லியோபோல்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டேவிட் கோல் பல வருஷங்கள் நடத்திய ஆராய்ச்சியின் சாரம் இது: புதுத் தரையில் முதற் சில இரவுகள் தங்கும்போதே பெருஞ்சேதம் நேர்ந்துவிடுகிறது, ஏற்கெனவே தேய்ந்த தரையில் இன்னும் பலர் தங்கினாலும் சேதம் அவ்வளவாகப் பெருகுவதில்லை. ஆகவே நாம் கோருவது ஆளுக்கொரு புது இடம் உண்டாக்குவதையன்று. அதிகம் பேர் போகாத பாதைகளின் ஓரத்தில், வேட்டைக்காரர்களும் மேய்ப்பர்களும் பல காலமாகத் தங்கித் தேய்ந்துபோன இடங்கள் எத்தனையோ காலியாகக் கிடக்கின்றன. அவற்றைக் கண்டுகொள்ளும் கண் ஜனங்களுக்கு வேண்டும். நெருக்கம் மிஞ்சிய இடங்களில் வேறு ஏற்பாடு தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கொலராடோவில் க்ரெஸ்டட் பியூட் ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில், கண்ட இடத்தில் தங்குவதை நிறுத்தி, எண்ணிட்ட கம்பங்கள் நட்ட இடங்களில் மட்டும், ஆனால் இலவசமாகவே, தங்க அநுமதித்திருக்கிறார்கள். இதை நாம் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம்.

தீயின் விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகைக்கும் இடமில்லை. 2011 மே மாதம் 29-ஆந் தேதி, அரிசோனாவின் அப்பாச்சி வனத்தில் தங்கியிருந்த இருவர், தங்கள் கணப்பு அணைந்துவிட்டது என்று நம்பி அதை விட்டு நடந்து போனார்கள். காற்று வந்தது. 5,38,000 ஏக்கர் எரிந்து, அந்த மாகாணத்தின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய காட்டுத் தீயாக அது முடிந்தது. அணைந்ததென்று நினைப்பது வேறு, அணைந்திருப்பது வேறு. தண்ணீரை ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டுமே அந்த இடத்தை விட்டு நகரலாம். கலிபோர்னியாவின் தேசிய வனங்களில் சிறு அடுப்பு மூட்டுவதற்குக்கூட இலவச அநுமதிச் சீட்டு ஒன்று பெறவேண்டும். அதைப் பெறாமல் போகிறவர்களை நாம் மன்னிப்பதற்கில்லை. கோடையில் கணப்பே மூட்டாமல் இருந்துவிடுவது அதனினும் மேல். இரவுக் குளிருக்குக் கம்பளி போதும்.

இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுப்பதற்கு மனிதர்கள் வேண்டும். வன இலாகாவோ, பணம் போதாமையால், 2025-ஆம் வருஷத்துக்குத் தீயணைப்பு வேலை நீங்கலாகப் பருவகால ஊழியர்களை நியமிப்பதில்லை என்று முன்னதாகவே அறிவித்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள். பாதையில் ரோந்து சுற்றி, அணையாத கணப்புகளை அணைத்து, குப்பையை அள்ளி, வந்தவர்களுக்கு வழி சொல்லியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆட்களைக் குறைத்துவிட்டு, கண்காணிக்க ஆளில்லை என்பதையே காரணமாகக் காட்டிப் பாதைகளை மூடுவது எந்த விதத்திலும் நியாயமாகாது.

2025 ஜூன் மாதத்தில், மேற்கு மாகாணங்களின் பொதுநிலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கும் அதிகமானதை விற்பதற்கு வழிசெய்யும் பிரேரணை ஒன்றை யூட்டா செனட்டர் மைக் லீ கொண்டுவந்தார். அதில் தேசிய வன நிலங்களும் சேர்ந்திருந்தன. அதை எதிர்த்து எழுந்தவர்களில் வேட்டைக்காரர்களும் தூண்டிற்காரர்களும் மலையேறிகளும், கட்சி வேறுபாடின்றி, முன்னணியில் நின்றார்கள். அம்மாதம் முடிவதற்குள் பிரேரணை வாபஸ் பெறப்பட்டது. அந்த நிலத்தில் படுத்து எழுந்தவர்களே அதற்காகக் குரல் கொடுத்தார்கள் என்பதை வன இலாகாவின் அதிகாரிகள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். தங்கத் தெரிந்த ஜனங்கள் பெருகுவது அவர்களுக்குச் சுமையாகாது. நிலத்தைக் காக்கும் பலமே ஆகும்.

மோட்டார் வாகன உபயோக வரைபடம் வருஷந்தோறும் திருத்தி வெளியிடப்படுகிறது. அடுத்த பதிப்பிலேயே சம உயரக் கோடுகளையும் நீர்நிலைகளையும் தனியார் நில வரம்புகளையும் அதில் சேர்க்கவேண்டும். தங்கக்கூடாத இடங்களும் அப்போதைய தீத் தடைகளும் அதே இடத்தில் தெரியவேண்டும். எப்படிப் படிப்பது என்ற விளக்கத்தை முதற் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் அச்சிடவேண்டும். பிரயாணிகள் வருவது சனி, ஞாயிறுகளில்; பல ரேஞ்சர் ஆபீஸுகள் பூட்டியிருப்பதும் அந்த நாட்களில்தான். கோடை மாதங்களிலேனும் அந்த இரண்டு நாட்களிலும் போனை எடுத்துப் பதில் சொல்ல ஒவ்வோர் ஆபீஸிலும் ஒருவரை நியமிக்கும் அளவுக்கு, காங்கிரஸ் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கவேண்டும்.