மழை தவறிய வசந்தம்

மழைக்குப் பெயர்போன இங்கிலாந்தில், 2025 வசந்தம் நூறாண்டுகளில் காணாத வறட்சியாக முடிந்தது. கோடை வறட்சியைவிட இது கொடியது என்பேன். வளர்ந்த செடி ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்ளும். ஏப்ரலில் முளைத்த கேரட் நாற்றுக்கு வேர் ஓரிரு அங்குலம்தான். அந்த மேல்மண்தான் முதலில் காய்கிறது. பொருக்குத் தட்டிய பாத்தியில் பூவாளியால் ஊற்றினால், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரத்தில் வழிந்தோடும். போதாக்குறைக்கு ஜூலையில் யார்க்‌ஷயரில் ரப்பர் குழாயால் நீர் பாய்ச்சவும் தடை வந்தது. தோட்டக்காரர்களின் கவலை நியாயமானது. ஆனால் புல்வெளிக்காகக் குடிநீரைக் கொட்டுவதை ஏற்க முடியவில்லை. பழுப்பேறிய புல் மழை கண்டதும் துளிர்த்துவிடும். பூச்செடிகளுக்கும் வேறு வழி உண்டு. எஸ்ஸெக்ஸில் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ 1990களின் தொடக்கத்தில், கார்கள் நின்ற சரளை நிலத்தில் லாவெண்டர் போன்ற வறட்சி தாங்கும் செடிகளை நட்டார். வேர்பிடித்த பின் அவற்றுக்குத் தண்ணீரே ஊற்றவில்லை. அந்தத் தோட்டம் இன்றும் பூக்கிறது. காய்கறிக்கு அந்த வழி உதவாது. அதற்குக் கூரைத் தண்ணீரைக் குளிர்காலத்திலேயே பீப்பாயில் பிடித்தாக வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே மூடாக்குப் போட வேண்டும்.