கதவடியில் நின்று திரும்பிய சகோதரிக்கு





கனடாவில் டொரொன்டோ நகரில் வாழும் நம் வாசகி ஒருவர் நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. பிள்ளைகள் வளர்ந்து விட்டார்கள். வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போனால் இரவில்தான் வருவார். சீனி வருத்தம் தொடங்கியிருக்கிறது, உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி விட்டார். பனிக்காலத்தில் வெளியே நடப்பது எப்படி? வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சமூக நிலையத்தில் பிக்கிள்போல் என்ற விளையாட்டு நடக்கிறது. வாரத்தில் சில நாட்கள், அணியோ அழைப்போ இல்லாமல் யாரும் வந்து சேர்ந்து கொள்ளலாம். மட்டையும் வாங்கி விட்டார். இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டு தடவையும் மண்டபத்தின் கதவடியில் நின்று பார்த்து விட்டுத் திரும்பி விட்டார். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் போல் இருந்தார்களாம். ஆறு வருடமாக அந்த ஊரில் இருந்தும், குடும்பத்துக்கு வெளியே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருமில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்காகத்தான் இம்மாதப் பக்கத்தை அவருக்குக் கொடுக்கிறேன்.

போகலாமா என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் என்ன செய்வது என்றுதான் கேட்கிறார். போகலாமா என்ற கேள்விக்குப் பதில் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். மற்றதற்குத்தான் ஆளில்லை.

அங்கே வாழும் என் தங்கையின் மகள் இதை விளையாடுகிறாள். அவளிடம் கேட்டேன், விதிகளையும் வாசித்தேன். நிபந்தனை, விதிவிலக்கு, விதிவிலக்குக்கு விதிவிலக்கு என்று அது பிக்ஹு கிதாபைப் போலவே இருந்ததால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை!

முதலில் இதன் பிறப்பைச் சொல்கிறேன். 1965ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு அருகேயுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிச்சர்ட் என்பவரின் வீட்டு முற்றத்தில் பழைய பெட்மின்டன் மைதானம் ஒன்று இருந்தது. சாமான்கள் முழுமையாக இல்லை. மேசைப் பந்து மட்டைகளையும், துளைகளுள்ள ஒரு பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக் கொண்டு ஆடத் தொடங்கினார்கள். பந்து நிலத்தில் நன்றாகத் துள்ளியதால் உயர்ந்திருந்த வலையைத் தாழ்த்தினார்கள். நண்பர்களான பில் பெல், பார்னி மெக்கலம் ஆகிய இருவரும் சேர்ந்து விதிகளை அமைத்தார்கள். வீட்டிலுள்ள பெரியவர் சிறியவர் எல்லாரும் சேர்ந்து ஆட வேண்டும் என்பதுதான் நோக்கம். 2022இல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாக ஆக்கிக் கொண்டது. ஆக, சகோதரி, இது வீராங்கனைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. நம் பிள்ளைகள் தென்னை மட்டையைச் செதுக்கி கிரிக்கட் ஆடுவார்களே, அந்தச் சாதியில் பிறந்தது.

மைதானம் 44 அடி நீளம், 20 அடி அகலம். பெட்மின்டன் இரட்டையர் ஆட்டத்தின் அளவுதான். பக்கத்துக்கு இருவர். பந்தைக் கீழிருந்து மேலாக, எதிர்ப்புறம் குறுக்கே உள்ள கட்டத்துக்குள் அடித்துத் தொடங்க வேண்டும். அந்தப் பந்து அங்கே ஒரு தடவை துள்ளிய பின்பே திருப்பி அடிக்கலாம். திரும்பி வரும் பந்தும் இங்கே ஒரு தடவை துள்ள வேண்டும். அதன் பிறகுதான் துள்ளுமுன் அடிக்கலாம். வலையிலிருந்து இரு பக்கமும் ஏழு அடி இடத்துக்கு ‘கிச்சன்’ என்று பெயர், அதாவது குசினி. அங்கே நின்று கொண்டு, துள்ளாத பந்தை அடிக்கக் கூடாது. துள்ளிய பந்துக்கு உள்ளே போகலாம். நாளெல்லாம் குசினியில் நிற்கும் நம் பெண்களுக்கு, குசினிக்குள் நிற்காதே என்று ஒரு விளையாட்டு சொல்வது நல்ல செய்திதான்!

இனி உள்ளே போகும் வழி. கதவருகில் நின்று அவர் பார்த்தபோது, சுவரோரம் மட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்ததைக் கவனித்திருப்பார். அதுதான் வரிசை. சில இடங்களில் மட்டை செருகும் தட்டு இருக்கும், சில இடங்களில் பலகையில் பெயர் எழுதுவார்கள். ஒரு மைதானம் காலியானதும் முன்னாலுள்ள நான்கு மட்டைக்காரர்கள் இறங்குவார்கள். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியேறி, மட்டையை மீண்டும் வரிசையின் கடைசியில் வைப்பார்கள். வென்றவர்கள் நின்று, மற்ற இருவர் மாறும் வழக்கமும் உண்டு. எது அங்குள்ள வழக்கம் என்பதைக் கேட்டால் போதும். ஆகவே யாரும் உங்களைக் கைபிடித்து அழைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மட்டையை வரிசையில் வைத்து விட்டால் நீங்கள் உள்ளே வந்து விட்டீர்கள். முகங்கள் பழகியவையாகத் தெரியலாம். வரிசைக்கு முகம் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள். கால அட்டவணையில் ஆரம்பநிலை, இடைநிலை என்று பிரித்திருந்தால் ஆரம்பநிலை நேரத்துக்கே போங்கள். பிரிக்காவிட்டால் வார நாட்களில் பகலில் போங்கள். ஓய்வு பெற்றவர்கள் அதிகம் வரும் நேரம் அது. பத்து நிமிடம் முந்திப் போனால் பந்தைத் தட்டிப் பார்க்கவும் பெயர் கேட்கவும் அவகாசம் கிடைக்கும். புதியவள் என்பதை ஆட்டம் தொடங்குமுன் ஒரு தடவை சொல்லுங்கள். ஒவ்வொரு பந்து தவறும்போதும் ‘சொரி, சொரி’ என்று சொல்லிக் கொண்டிருக்க வேண்டாம். நம் பெண்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. விருந்துக்கு வந்தவர் நன்றாகச் சாப்பிட்ட பிறகும் கறியில் உப்புக் குறைவென்று மன்னிப்புக் கேட்போம்.

புதியவரைப் பெரிதும் குழப்புவது புள்ளி சொல்லும் முறை. மூன்று எண்கள் சொல்வார்கள். முதலாவது பந்தைத் தொடங்கும் பக்கத்தின் புள்ளி, இரண்டாவது எதிர்ப்பக்கத்தின் புள்ளி, மூன்றாவது தொடங்குபவர் தம் பக்கத்தில் முதலாமவரா இரண்டாமவரா என்பது. ஆட்டம் பூச்சியம், பூச்சியம், இரண்டு என்று தொடங்கும், ஏனெனில் முதல் முறை மட்டும் ஒருவருக்கே வாய்ப்பு. வழக்கமான முறையில் தொடங்கும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். 11 எடுத்து, இரண்டு புள்ளி முந்தியிருந்தால் வெற்றி. முதல் நாளே இதை மனனம் செய்ய முயல வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் சொல்லித் தருவார். சிலர் கேளாமலேயே கை பிடிக்கும் விதம் முதல் எல்லாவற்றையும் சொல்லித் தருவார்கள். அவர்களுக்கு ஒரு நன்றியோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற தீர்ப்பை, பந்து விழுந்த பக்கத்தார்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பு. இந்த விதியை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நம் ஊர்க் காணி வழக்குகளுக்கு இது வந்தால் எவ்வளவு நல்லது!

ஆண்களோடு ஆடும்படி வருமே என்று அவர் தயங்குகிறார். நியாயமான தயக்கம். பெண்களுக்கு மட்டுமான நேரம் இருக்கிறதா என்று நிலையத்தில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் தெரிந்த மூன்று பெண்களைச் சேர்த்துக் கொண்டு நான்கு மட்டைகளையும் ஒன்றாக வைக்க முடியுமா எனக் கேளுங்கள். கூட்டம் குறைந்த வேளையில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதுவும் இயலாத இடமானால், உங்கள் மனம் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நில்லுங்கள். ஒரு கவலை மட்டும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் வலையருகே வந்து கை குலுக்குவதை விட, மட்டையை மட்டையில் மெல்லத் தட்டுவதுதான் அங்கே பெருவழக்கம்.

தொழுகை நேரம் வந்தால் மட்டையை வரிசையில் வைக்காமல் போய்த் தொழுது விட்டு வாருங்கள். ஒருவரும் ஏனென்று கேட்கப் போவதில்லை. அபாயா நிலத்தில் படும் நீளமாக இருக்க வேண்டாம், பின்னால் அடி வைக்கும்போது காலில் சிக்கும். தலைக்கு மேலால் போகும் பந்தைப் பிடிக்கப் பின்னோக்கி ஓடவே கூடாது. மல்லாந்து விழுந்து மணிக்கட்டு முறிவது அப்படித்தான். திரும்பி ஓடுங்கள், இல்லாவிட்டால் பந்தை விட்டு விடுங்கள். ஒரு புள்ளிதானே. சப்பாத்து பக்கவாட்டு அசைவைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கான சப்பாத்து இதற்கு உதவாது. பனியில் நனைந்த பாதணியோடு மண்டபத்துக்குள் போகவும் முடியாது, உள்ளே போடுவதைத் தனியாகக் கொண்டு போங்கள்.

கடைசியாக, சீனிக்கு மருந்து எடுப்பதால் இந்த விளையாட்டைப் பற்றி டொக்டரிடம் சொல்லி விடுங்கள். சில குளிசைகளும் ஊசியும் எடுப்பவர்களுக்கு, உடம்பு வேலை செய்யும்போது சீனி சட்டென்று இறங்கும். கை நடுங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே உட்கார்ந்து விட வேண்டும். பையில் மட்டையோடு ஒரு போத்தல் தண்ணீரும் நாலைந்து ஈச்சம்பழமும் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவருக்கும் ஒன்றைக் கொடுங்கள்.