சாவியைத் திருப்புமுன்

ஏப்ரல் மாதம் பிறந்ததும், கனடாவின் டொராண்டோ நகரில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர் கராஜ் கதவைத் திறக்கிறார்கள். நவம்பரில் உறையிட்டு மூடிய ஸ்போர்ட்ஸ் கார் அங்கே ஐந்து மாதமாக நிற்கிறது. பனிக்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் பனிக்கட்டியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதால்தான் அதை ஓட்டாமல் வைக்கிறார்கள். பனி உருகிய மறுநாளே வெளியே எடுப்பதுமில்லை. நல்ல மழை இரண்டு மூன்று பெய்து, சாலையில் எஞ்சிய உப்பைக் கழுவும்வரை பொறுத்திருக்கிறார்கள்.

காட்டூரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு, "நமக்கும் இதற்கும் என்ன?" என்று தோன்றலாம். நமக்குப் பனிக்காலம் இல்லைதான். ஆனால் தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். போர்டிகோவில் உறை போர்த்திய கார்கள் நிற்கின்றன. விடுமுறைக்கு வந்த மகன் வாங்கிவிட்டுப் போனது. அப்பாவுக்கு இப்போது இரவில் கண் கூசுகிறது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அந்தக் கார் பனிக்காகக் காத்திருக்கவில்லை, பிள்ளைக்காகக் காத்திருக்கிறது.

நெடுநாள் நின்ற காரை எப்படி எழுப்புவது? அறிந்தவர்கள் முதலில் சாவியைத் திருப்புவதில்லை, பானெட்டைத் திறக்கிறார்கள். ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா, ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். பேட்டரியை அளக்கிறார்கள், 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12க்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. ஒரே இடத்தில் பாரத்தைச் சுமந்து நின்ற டயர் அந்த இடத்தில் தட்டையாகியிருக்கும், காற்றும் இறங்கியிருக்கும். பிரேக் டிஸ்க்கின்மேல் மெல்லிய துரு படர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் பார்த்த பின்பே, புகை வெளியேறும்படி கராஜ் கதவை நன்றாகத் திறந்துவைத்து, இன்ஜினை இயக்குகிறார்கள்.

இயங்கியவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதில்லை. மாதக்கணக்கில் நின்ற இன்ஜினில் ஆயில் அடியில் வடிந்திருக்கும். அது மேலேறி எல்லாப் பாகங்களையும் நனைக்கச் சற்று நேரம் கொடுக்கவேண்டும். பிறகு நிதானமாக ஓட்டவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெப்பம் காட்டும் முள் சீக்கிரமே நடுவில் வந்து நிற்கும். அது காட்டுவது குளிர்விக்கும் நீரின் சூட்டை. ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். முள்ளை மட்டும் நம்பி வேகமெடுக்கிறவன் இன்ஜினைத் தேய்க்கிறான்.

பிரியமானவர்களே, இத்தனை பொறுமையை ஓர் இயந்திரத்திற்குக் கொடுக்கிற நாம், நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற பெற்றோருக்குக் கொடுக்கிறோமா? திருச்சி விமான நிலையத்தில் 2024இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையத்தின் வாசலில் கண்ணீரோடு கட்டியணைக்கிறோம். அன்று மாலையே, "இந்த வீட்டை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள்? விற்றுவிட்டு ஃபிளாட்டுக்குப் போகலாமே" என்று ஆரம்பிக்கிறோம். அப்பா மௌனமாகிறார். "இவர் எப்போதும் இப்படித்தான்" என்கிறோம். சாவியைத் திருப்பினோம், பானெட்டைத் திறக்கவில்லை. சிரித்த முகத்தைப் பார்த்தோம். உள்ளே சூடேற நேரம் கொடுக்கவில்லை.

நம் பகுதிக்கு இது புதிய பாடமல்ல. 1965இல் திருவெறும்பூரில் தொடங்கிய பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள் இங்கே அநேகர். குளிர்ந்து கிடக்கும் பெரிய கொதிகலனில் ஒரேயடியாகத் தீயை மூட்டக்கூடாது என்பதை அவர்கள் அறிவார்கள். அதன் கனத்த சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் சீராகச் சூடேறவேண்டும். அவசரப்பட்டால் உலோகம் விரிசல் காணும். மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். அந்தத் தகப்பன்மார்களிடம் நாம் ஒரே மாலையில் எல்லாவற்றையும் பேசி முடிக்கப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காட்டூரில் பலர், "வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுகிறோம், கார் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். அது காரைக் காப்பதில்லை. ஸ்டார்ட் ஆகும்போது பேட்டரி இழந்ததை, நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடும் இன்ஜின் முழுமையாகத் திருப்பித் தருவது அரிது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடேறாத சைலன்சருக்குள் நீராகத் தங்கித் துருவாகிறது. சக்கரமோ ஓரடிகூட நகரவில்லை. மே மாதத்து நம் வெயிலும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. மாதம் இருமுறை, ஓட்டத் தெரிந்த ஒருவரை அழைத்துக் கல்லணை வரை போய்வந்தால், அதுவே காருக்கு ஜீவன்.

நம்முடைய ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பும் அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட்தான் அல்லவா? டொராண்டோவில் காலை, இங்கே மாலை. "சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டீர்களா? மழை உண்டா?" முடிந்தது. இரு பக்கமும் நிம்மதி, ஓரடியும் நகரவில்லை. வேலைப்பளு இருக்கிறது, கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது என்பீர்கள். உண்மைதான். அந்த ஐந்து நிமிடத்தை நான் இகழவில்லை. அதுவும் இல்லாத வீடுகள் உண்டு. ஆனால் அது போதும் என்று நம்புவதே ஆபத்து. மாதத்தில் இருமுறையாவது ஒரு மணி நேரம், எந்தக் காரியமும் இல்லாமல் பேசுங்கள். பழைய அயலாரைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் ஒரே கதையை இரண்டாம் முறை சொல்லட்டும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது" என்ற உறையை எப்போதும் இழுத்து மூடாதிருங்கள். உறை தூசியைத் தடுக்கும். உள்ளே இறங்கும் பேட்டரியை மறைத்தும்விடும். குளியலறையில் வழுக்கியதையும், இரவில் உறக்கம் வராததையும் சொல்லுங்கள். பிள்ளை கவலைப்படுவான் என்று மறைக்கிறீர்கள். அவனோ, வந்து இறங்குகிற நாளில் எதுவும் அறியாதவனாய்ச் சாவியைத் திருப்புகிறான்.

பத்திரமாக மூடிவைத்தது பத்திரமாகவே இருக்கும் என்பது தவறான எண்ணம். ஓடாமல் நிற்பதும் ஒருவிதத் தேய்மானமே. ஆனாலும் நெடுநாள் நின்றது என்பதற்காக எதுவும் முடிந்துபோனதாகாது. டிஸ்க்கில் படர்ந்த அந்த மெல்லிய துரு, நிதானமாக ஓட்டி நாலைந்து முறை பிரேக்கை மிதித்தாலே பெரும்பாலும் அகன்றுபோகிறது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வீர்களா? நீங்கள் நெடுநாள் பேசாதிருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அது அண்ணனாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம். அழைத்தவுடன் பழைய கணக்கைத் திறவாதிருங்கள். முதல் நாள் நலம் மட்டும் விசாரியுங்கள். உள்ளே சூடேறட்டும், சாலை நீளமானதுதான், வேகத்திற்குப் பிறகு நேரமுண்டு.