கத்தரிக்காய்க்கு எத்தனை மார்க்?

கத்தரிக்காயைச் சாம்பாரில் போடுவதா, கொத்சு செய்வதா என்று வீட்டில் வாதம் நடப்பதுண்டு. கத்தரிக்காயைப் பற்றி வாதாடிப் பட்டப் படிப்புக்கு மார்க்கும் வாங்கலாம் என்றால் நம்புவீர்களா? சில கல்லூரிகளில் ஸயன்ஸ் மாணவிகளுக்கு இப்படியும் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். விஞ்ஞானம் ஊருக்குள் நுழையும்போது எழுகிற ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச வேண்டும்.

பி.டி. கத்தரிக்காய் இதற்கென்றே வாய்த்த விஷயம். காயை நறுக்கும்போது உள்ளே நெளியும் புழுவைப் பார்க்காதவர் நம்மில் யார்? மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் புகுத்திவிட்டால், புழுவுக்கு விஷமாகும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும். பூச்சி மருந்துச் செலவு குறையும் என்பது வாதம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உண்டு. 2009 அக்டோபரில் மத்திய அரசின் அனுமதிக் குழு சம்மதித்தது. அப்போதைய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார். (சென்னை அந்த ஏழில் இல்லை!) 2010 பிப்ரவரி 9-ந் தேதி, சாகுபடியை நிறுத்தி வைத்துவிட்டார். வங்காள தேசமோ 2013-ல் அனுமதித்து, மறு ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்தது.

அந்தப் புரதம் புழுவின் குடலை என்ன செய்கிறது என்பது பாடப் புஸ்தகத்தில் இருக்கும். சோதனை நடத்தியவரே விதையை விற்பவரானால் நம்பலாமா, மகரந்தம் பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இராது. இதைப் பேச வைப்பது நல்ல காரியந்தான்.

ஆனால் மார்க் போடுவது எப்படி? நமக்குப் பட்டிமன்றம் புதிதல்ல. மணிமேகலையிலேயே பட்டி மண்டபம் வருகிறது. கைதட்டலைக் கொண்டு ஜயித்தவரைத் தீர்மானிப்பதும் பழகிப் போயிற்று. வகுப்பில் அப்படிச் செய்தால், சரளமாக இங்கிலீஷ் பேசும் பெண் கொடி நாட்டிவிடுவாள். தமிழில் படித்து வந்தவள், விஷயம் தெரிந்தும் வாய் திறக்கமாட்டாள். அது ஸயன்ஸ் பரீட்சை அல்ல. வளர்ந்த வீட்டுக்கு வைக்கும் பரீட்சை.

கல்லூரியில் கற்பிக்கும் என் சிநேகிதி சில விதிகள் வைத்திருக்கிறாள். எந்தக் கட்சி என்பது கடைசி நிமிஷத்தில் சீட்டுக் குலுக்கி. பாதி மார்க் முன்பே எழுதித் தரும் குறிப்புக்கு. எதிர்க்கட்சியின் பலமான வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்னால் தனி மார்க். தமிழிலும் பேசலாம்.

போன தடவை, வருஷம் முழுக்க மூச்சு விடாத ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்: "எங்க தோட்டத்துல மருந்து அடிச்ச மறுநாளே காயைப் பறிச்சுச் சந்தைக்கு அனுப்பறோம். அதுக்கு யார் வந்து அபிப்பிராயம் கேட்டாங்க?" இரண்டு கட்சிக்கும் பதில் இல்லை.

மார்க் தாளில் 'கேள்வி' என்று ஒரு கட்டமே கிடையாதாம். சிநேகிதி பேனாவால் கோடு கிழித்து ஒன்று சேர்த்துக்கொண்டாள்.