பில் போடும் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்டூல்



சங்கிலித்தொடர் சூப்பர் மார்க்கெட்டுகள் சிறு ஊர்களுக்கும் வந்து வேலை தருவதைப் பாராட்டி உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். அந்த வேலையின் அருமை எங்கள் தேவாரத்துக்குத் தெரியும். விடியுமுன்பே தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் நிறைந்த பகுதி இது. மகளாவது நிழலில் சம்பாதிக்கட்டும் என்று எந்தத் தாய்தான் நினைக்க மாட்டாள்?

பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். முடித்து அப்படித்தான் ஒரு பெரிய கடைக்குப் பில் போடப் போனாள். ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் முதல் வேலை, வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொள்வது. பத்து மணி நேரமும் நின்றபடியே வேலை. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பாராம்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் 1947ஆம் ஆண்டு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. சட்டம் வந்தது, அந்தக் கவுண்டருக்கு ஸ்டூல் வரவில்லை.

இன்னொன்று. புதுக் கடையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுகிறோம். கூலி வரும்வரை நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி, பருப்பு தரும் மளிகைக்கடை மூடினால், அதை யார் எண்ணுகிறார்கள்?

கடை வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. தொழிலாளர் துறை அதிகாரிகள் தராசு முத்திரையைப் பார்க்க வரும்போது, கவுண்டருக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், தேவாரம், தேனி மாவட்டம்