வாயைக் கட்டிவிட்டு "எல்லாம் நலம்" என்காதீர்கள்

அன்பு மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். என் பழைய மாணவனின் மகள். "அப்பா தவறிட்டாங்க ஐயா. அவங்க அஞ்சாம் கிளாஸ் குரூப் போட்டோ உங்ககிட்ட இருக்குமா?" என்றாள். இருக்கிறதம்மா என்றேன். தேடினேன். இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒட்டிப்போன படங்களைப் பிரித்து, உலர்த்தி, வருடக்கணக்கில் ஸ்கேன் செய்து லேப்டாப்பில் ஏற்றினேன். பூஞ்சை பிடித்த அட்டைகளை நானே எரித்தேன். தினமும் இரவு 9 மணிக்கு வெளி டிஸ்கில் நகல் எடுக்க, உங்களில் ஒருவன் கிரானில் ஒரு வரி எழுதித் தந்தான். கிரான் என்பது சொன்ன நேரத்தில் சொன்ன வேலையைச் செய்யும் லினக்ஸ் வேலைக்காரன். போன மாதம் கை தவறி அந்தப் படங்களை அழித்தேன். நகல்தான் இருக்கிறதே என்று பதறவில்லை. திறந்தால், கடைசி நகல் ஏழு மாதம் பழையது.

காரணம் அற்பம். ஏழு மாதம் முன்பு அவன் நகலெடுக்கும் நிரலை மாற்றி வேறு இடத்தில் வைத்தான். கையால் ஓட்டினால் ஓடியது. ஆனால் கிரான் நம் திரையில் இருக்கும் பாதைகளை அறியாது. இரண்டொரு இடத்தில் மட்டும்தான் நிரலைத் தேடும். "காணவில்லை" என்று ஒவ்வோர் இரவும் அது சொல்லியிருக்கிறது. அந்த வரியின் கடைசியில் இருந்த > /டெவ்/நல் 2>&1 அதைப் பாழ்கிணற்றில் தள்ளியிருக்கிறது. இருநூறு இரவுகள்!

கேட்டால், "மெயில் குவியும் சார், எல்லாரும் இப்படித்தான் போடுவோம்" என்கிறான். மெப்ஸிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்க்கும் உங்களைக் கேட்கிறேன்: எல்லாரும் போடுவதால் அது சரியாகிவிடுமா?

விடைக்கு 1, பிழைக்கு 2 என்று யூனிக்ஸில் இரண்டு வழி வைத்தது சும்மா இல்லை. 1970களில் பெல் ஆய்வகத்தில் இரண்டும் ஒரே வழியில் போயின. அச்சான கட்டுரையை வாங்கப் போனவர்கள், பிழைச் செய்தி மட்டும் அச்சான தாளோடு திரும்பினார்கள். அந்தத் தொல்லைக்குப் பிறகுதான் பிழைக்குத் தனி வாய்க்கால் வெட்டினார்கள். அதை நீங்கள் ஒருசில எழுத்தில் தூர்த்துவிடுகிறீர்கள்.

சத்தம் வேண்டாம் என்றால் 1-ஐ மட்டும் அடக்குங்கள். இல்லையேல் இரண்டையும் ஒரு கோப்பில் சேருங்கள்: முதலில் >> கோப்பின் பெயர், அதன் பிறகு 2>&1. வரிசை மாறக்கூடாது. "1 இப்போது போகும் இடத்துக்கே 2-உம் போ" என்பதுதான் அதன் பொருள். இடப்பக்கமிருந்து படிக்கும் ஷெல்லிடம் அதை முன்னால் சொன்னால், பிழை அந்தக் கோப்புக்குள் வராது. நிரலின் முழுப் பாதையையும் எழுதுங்கள். மெயில் வரும் என்று நம்பினால், கணினியில் மெயில் அனுப்பும் நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டெபியன் வகைக் கணினிகள் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, செய்தியைக் கொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை நகலைத் திறந்து பாருங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி, அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்று உங்களுக்குப் பழக்கியவன் நான்தான். பாடம் புரியாத பிள்ளையும் வாய் திறக்காது என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. ஆனாலும் வருகைப் பதிவை நான் அமைதியை வைத்து எடுத்ததில்லை. "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால்தான் டிக். கணினிக்கும் அதே விதிதான்.

1991-ஆம் வருட ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுப் படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.